மூன்றாம் அடி

பாட்டு டீச்சரின் முன்பற்கள் இரண்டும் ஒரு சனிக்கிழமை மாலை, பிரார்த்தனைக் கூடத்தில், துதிப்பாட்டின் மூன்றாம் அடியை அவர் தனியாகப் பாடிக்கொண்டிருந்தபோது உடைந்து விழுந்தன. அவரை யாரும் அடிக்கவில்லை. மிக அருகில் இருந்தவர் பியானோக்காரர். அவருடைய இரண்டு கைகளும் பியானோவின் மேல் இருந்ததைக் கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரின் தலை வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பியது, கீழுதடு பிளந்தது, பற்கள் மரத்தரையில் விழுந்து முன்வரிசை வரை உருண்டன. டீச்சர் கண்டிப்பானவர். வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டே அந்த அடியை முடித்து, கையசைத்துக் குழுவை நான்காம் அடிக்குள் இழுத்துவிட்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். மறு வாரம் மூன்றாம் அடியைப் பாடிய மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு விலா எலும்பில் விரிசல் விழுந்தது. அதற்கடுத்துப் பாடிய தபால்காரருக்குக் காதோரம் கன்றிக் கறுத்தது. போதகர் கண்ணை மூடி யோசித்துப் பார்த்து, இது அருள் இறங்குவதன் அடையாளம் என்று அறிவித்தார். அதன்பின் கூடத்தில் உட்கார இடம் கிடைப்பதே பாடாகிவிட்டது. காயம் பட்டவர்களுக்கு முன்வரிசை. படாதவர்கள், மூன்றாம் அடியைத் தங்களுக்குத் தரச்சொல்லிப் பழக்கூடையோடு டீச்சர் வீட்டுப் படியேறினார்கள். பாத்திரக்கடை முதலாளியம்மா மட்டும் டீச்சரை நம்பாமல், தன் கையைத் தானே கதவிடுக்கில் கொடுத்து நசுக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்த மெட்டு ஊரைவிடப் பழையது. ஆற்றங்கரையில் இன்னும் தெருவே விழாத காலத்தில் படகு இழுத்தவர்கள் மூச்சுக் கணக்குக்காகப் போட்டது. மாலையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் அதையே மெதுவாக்கித் தாலாட்டாக்கினார்கள். முதல் போதகர் வந்து சேர்ந்தபோது அவரிடம் பெட்டி நிறையப் பாட்டுவரிகள் இருந்தன, மெட்டு ஒன்றுகூட இல்லை. தங்கியிருந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட தாலாட்டை எடுத்துத் தன் வரிகளை அதன்மேல் ஏற்றி உட்கார வைத்தார். படைமுகாம்காரர்கள் அதை விறைப்பாக்கி அணிவகுப்புப் பாட்டாக்கினார்கள். சாராயக்கடையில் அது ஒரு மாமியாரையும் மருமகனையும் பற்றியதாகி, காது கொடுத்துக் கேட்க முடியாத சொற்களோடு மேசை தட்டலில் ஓடியது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடும் அதே மெட்டு, இடுகாட்டில் வழியனுப்புப் பாட்டும் அதே மெட்டு. ஆனால் இவையெல்லாம் வேறு வேறு பாட்டுகள் என்றுதான் ஊர் சத்தியம் செய்தது. கூடத்தில் பியானோவின் சுருதி சரிசெய்ய வந்த வெளியூர்க்காரர், உங்கள் துதிப்பாட்டும் சாராயக்கடைப் பாட்டும் ஒன்றுதானே என்று விளையாட்டாகக் கேட்டுவைக்க, பக்திமான்கள் நாலு பேர் அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியதில் அந்தக் கை தோளுக்குமேல் ஏறவே இல்லை.

ஆலைக்குப் போகும் தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, பக்கவாட்டில் மனைவியின் தையல் மெஷின் போட்ட சின்ன அறை, மாடியில் வெல்டரின் அக்கா. வெல்டர் நல்ல மனிதன் என்று ஊரில் பெயர். அந்தத் தெருவின் ஜன்னல் கம்பிகளும் வாசல் கேட்டுகளும் அவன் கையால் செய்தவை. யார் வீட்டுக் கீல் கழன்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வருவான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். மாலையில் பட்டறையை மூடி, கையில் கரி போகச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, சாப்பிட உட்காருவதற்கு முன் மனைவியை அடிப்பான். உப்புக் கூடியது, உப்புக் குறைந்தது, சட்டை தைக்கக் கொடுத்தவன் சிரித்தான், சிரித்தவனிடம் அவள் சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இப்படி ஏதாவது ஒன்று. இடுப்பு வார், கை, கையில் அகப்பட்டது. தையல்காரி இரண்டு முறை அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு முறையும் அண்ணனே வண்டி வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வெல்டரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, மாப்பிள்ளை தங்கமானவர் என்று கையலம்பிவிட்டுப் போனான். மகள் பிறந்த பிறகு அவளுக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. அடி விழும்போது வாய்விட்டுக் கத்தினால் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்கிறது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தைக்குப் பாடும் தாலாட்டையே முனக ஆரம்பித்தாள்.

முனக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு வலிக்கவில்லை. கை வந்து கன்னத்தில் படும், சத்தம் கேட்கும், அவ்வளவுதான். தோலில் ஒரு தடிப்புக்கூட எழும்பாது. உடம்பு செத்துப்போய்விட்டது போலிருக்கிறது, மனசு மட்டும் நடமாடுகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். வெல்டர் தனக்குத்தான் வயதாகிறது என்று நினைத்தான். கலவரப்பட்டு, காலை வேளைகளில் பட்டறையில் இரும்பு உத்தரத்தைத் தூக்கி இறக்கிப் பயிற்சி எடுத்தான். பழைய வாருக்குப் பதில் புது வார் வாங்கி, அதற்குப் பித்தளையில் தானே ஒரு பூட்டு வார்த்துப் போட்டான்: சக்கர வடிவம், ஐந்து ஆரம், ஐந்தாவது ஆரத்தில் உலோகம் சரியாக ஓடாமல் பாதியில் நின்றிருந்தது.

மாலை என்பது பிரார்த்தனைக் கூடத்துக்கு மட்டும் சொந்தமில்லையே. அவன் கைகழுவும் நேரத்தில்தான் சாராயக்கடையிலும் பாட்டு சூடு பிடிக்கும். ஒரு நாள் மாமியார் பாட்டில் மருமகன் பேசும் இடத்தை முடிதிருத்துகிறவர் தனியாக எடுத்துப் பாடிக்கொண்டிருந்தார். பாதியில் அவர் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சுமைதூக்கி. இருவரும் பால்ய சிநேகிதர்கள். சுமைதூக்கி, நான் இல்லடா, உன் மேல கையே வைக்கலடா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையும் விழுந்தது. முடிதிருத்துகிறவரின் சட்டைப்பையில் சவரக்கத்தி இருந்தது. சுமைதூக்கி கழுத்தைப் பிடித்துக்கொண்டு கடை வாசல்வரை நடந்து வந்து, அங்கே விழுந்து செத்தார். முடிதிருத்துகிறவரைச் சிறைக்குக் கொண்டு போனார்கள். வண்டியில் ஏறும்போதும், அவன்தான் முதலில் அடித்தான் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டே போனார். விரல் தடம் நன்றாகத்தான் பதிந்திருந்தது.

இதெல்லாம் தையல்காரிக்குத் தெரிய வந்தது பாட்டு டீச்சர் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது. காயங்கள் கூடிப்போனதால் கழுத்துவரை மூடிய சட்டை ஒன்று வேண்டும் என்று துணியோடு வந்திருந்தார். தையல்காரி அறைக்கதவைச் சாத்திவிட்டு, டேப்பைத் தோளில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சரின் தோளில் வட்டமாக ஒரு கன்றல். ஐந்து ஆரம். ஐந்தாவது பாதியில் நின்றது.

"டீச்சர், இது எப்போ பட்டது?"

"நேத்து சாயங்காலம். பாடும்போது. அருள்மா அது, வலிச்சாலும் வெளிய சொல்லக் கூடாது."

தையல்காரி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய வாரை எடுத்து, பூட்டை டீச்சரின் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினாள். பிறகு தன் சட்டைக் கழுத்தை விலக்கி, மாசு மருவில்லாத தோளைக் காட்டினாள்.

"இது உங்களுக்கு விழுந்தது இல்ல டீச்சர். எனக்கு விழுந்தது."

டீச்சர் வெகுநேரம் வாரையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

"ஒண்ணும் பண்ணல. முனகிட்டு இருந்தேன். குழந்தைக்குப் பாடறத."

"எங்க, முனகு பாப்போம்."

அவள் முனகினாள். டீச்சர் ஆயுள் முழுக்க அந்தத் துதிப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர், தன் மூன்று பிள்ளைகளையும் அந்தத் தாலாட்டில் தூங்கவைத்தவர். இரண்டும் ஒன்று என்பது அன்றைக்கு, டேப் கழுத்தில் தொங்க நின்றபோதுதான் அவர் காதில் விழுந்தது. அவர் முகம் சிவந்தது.

"அப்படின்னா என் பல்லு ரெண்டும்?"

"அன்னைக்கு அவரு மூஞ்சியில குத்துனாரு. எனக்கு ஒண்ணுமே ஆகல. கடவுள் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன் டீச்சர்."

டீச்சருக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். "ஏம்மா, உன் வீட்டு அடிய நீயே வாங்கிக்கக் கூடாதா? ஊர்ல இருக்கறவங்க உனக்கு என்ன பாவம் பண்ணாங்க? ஒருத்தன் செத்தே போயிட்டான் தெரியுமா?" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு, அளவை முடிக்காமலே போய்விட்டார். முடிதிருத்துகிறவரின் கன்னத்தைப் பற்றி ஊரே பேசியதைத் தையல்காரியும் கேட்டிருந்தாள். அன்று மாலை வெல்டர் கைகழுவிவிட்டு வந்தபோது உதட்டை உள்ளுக்கு மடித்துக் கடித்துக்கொண்டாள். அவளுடைய கழுத்தெலும்பு உடைந்தது. நெடுநாளைக்குப் பிறகு தன் கைக்குப் பலன் கிடைத்ததில் வெல்டருக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

டீச்சர் போதகரிடம் சொன்னார். போதகர் நகரசபைத் தலைவரிடம் சொன்னார். இருவரும் காவல் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். வெல்டர் நாற்காலி துடைத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தான். "வீட்டுக்கு வீடு இருக்கறதுதானேங்க. நான் என் பொண்டாட்டிய அடிச்சேன். அது அடுத்தவங்க மேல போய் விழுந்தா அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?" என்றான். மூவருக்கும் அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. தலைவர் வீட்டு கேட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததை அவனே நினைவுபடுத்தி, மறுநாள் வந்து சரிசெய்து கொடுத்தான். அந்த வாரக் கடைசியில் நகரசபை கூடி, குற்றம் முழுக்க மெட்டின் மேல் என்று முடிவு செய்தது. இனி அந்த மெட்டை எந்த வார்த்தையில் பாடினாலும், வார்த்தை இல்லாமல் முனகினாலும், வாயால் சீட்டியடித்தாலும் தண்டனை என்று தெருமுனை ஒலிபெருக்கிகள் காரணத்தோடு சேர்த்துத் தினமும் சொல்லின.

மெட்டைத் தடுக்க விழுந்த அடிகள் மெட்டினால் விழுந்தவற்றைவிட அதிகம். காவலர்கள் தடியோடு வீட்டு ஜன்னல்களின் கீழே நின்று கேட்டார்கள். பழக்க தோஷத்தில் சீட்டியடித்துக்கொண்டு வந்த பால்காரரின் விரல்களைக் கேனின் மூடியில் வைத்து நசுக்கினார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தன்னை மறந்து முனகிய ஒருத்திக்குத் தாடை இறங்கியது. பிள்ளை மடியிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை மெட்டில்லாமல் ஒப்பிக்கச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்குமேல் ஓடவில்லை, பிரம்புகள் ஒடிந்தன. முகாமில் அணிவகுப்பு கால் மாறிக் கால் மாறி ஒருவன்மேல் ஒருவன் மோதி, துப்பாக்கி வெடித்து ஒரு சிப்பாயின் முழங்கால் போயிற்று. அப்போதுதான் ஊருக்கு ஒன்று விளங்கியது: தங்களிடம் இருந்தது அந்த ஒரே மெட்டுதான். அதை எடுத்துவிட்டால் பாட என்று எதுவும் இல்லை. குழந்தைகள் தூங்காமல் அழுதன. பெரியவர்கள் தூக்கமில்லாத கண்ணோடு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் போதகர் வரிகளை வாசித்தார், மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

தையல்காரி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவளாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. வலது கையில் இரண்டு விரல்களை வெல்டர் கதவோடு சேர்த்துச் சாத்தினான். அவை கோணலாகச் சேர்ந்தன, துணியைப் பிடிக்க வரவில்லை. தையல் அறையின் கதவு பாதி நாள் திறக்கவில்லை. பாட்டு டீச்சர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மூடிய கதவைப் பார்த்தார். தன் உடம்பில் புதிதாக ஒரு கன்றலும் வராததையும் பார்த்தார். பிறகு எதிர்ப்புறத்துக்கு மாறி நடக்க ஆரம்பித்தார்.

மாடியில் இருந்த அக்காவைப் பற்றித் தவறாக ஒன்றும் சொல்வதற்கில்லை. அம்மா செத்தபோது தம்பி கைக்குழந்தை. தன் கல்யாணத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவர்களுடைய அப்பா அடித்த அடிக்குக் குறுக்கே விழுந்து வாங்கிய தழும்புகள் அவள் முதுகில் இருந்தன. ஆனால் தம்பி அடிக்கும்போது குறுக்கே வர அவளால் முடிந்ததில்லை. கீழே தொடங்கியதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். மறுநாள் தையல்காரிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீரோடு இறங்கி வந்து, "அவன் வாங்குன அடி அப்படிம்மா" என்பாள். தையல்காரி, "தெரியும் அண்ணி" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மாலை மின்சாரம் போயிருந்தது. ரேடியோ ஓடவில்லை. கீழே நடந்ததெல்லாம் அக்காவுக்குத் துல்லியமாகக் கேட்டது. வார் கீழே விழுந்த சத்தம், பட்டறைக் கதவு திறந்த சத்தம், சிமெண்டுத் தரையில் இரும்புக்கம்பி இழுபடும் சத்தம். தொட்டிலில் படுத்த காலம் போய் நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை விழித்துக்கொண்டு வாசற்படியில் நின்று அலறியது. தரையில் கிடந்த தையல்காரி, சட்டத்தையும் சுமைதூக்கியையும் மறந்து, குழந்தையைப் பார்த்து முனகினாள். அந்த முனகல் மேலே வந்தது. அதே நேரத்தில் தானும் பாடினால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஒலிபெருக்கி அவள் ஜன்னலுக்கு நேரே இருந்தது. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பியைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டைத் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுக் குரலில் எடுத்தாள். கம்பி கீழே தையல்காரியின் தலையில் இறங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே தொப்பென்று சத்தம் கேட்டது, பாட்டு நின்றது.

வெல்டர் அக்காவை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியெல்லாம் அவன் சட்டை நனைந்தது. அக்கா ஒரே ஒரு முறை வாய் திறந்தாள். "கை வலிக்கலையாடா தம்பி?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் உயிர் பிரிந்தது. டாக்டர், கட்டிலிலிருந்து விழுந்ததால் மண்டை பிளந்தது என்று எழுதிக் கொடுத்தார். அக்கா மேல் கையே வைத்ததில்லை என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அது உண்மைதான், அதனால் எல்லோரும் அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இடுகாட்டில் வழியனுப்புப் பாட்டு இல்லாமல் பெட்டியை இறக்கினார்கள். காவலர்கள் இரண்டு பேர் தடியோடு நின்றார்கள். மண் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் பாட்டு டீச்சர் திடீரென்று பாடினார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து சொல்லெல்லாம் சீறலாக வந்தது. முதல் அடியைத் தனியாகப் பாடினார். இரண்டாம் அடிக்கு மருந்துக்கடைக்காரர் மனைவி சேர்ந்தார், அடுத்து தபால்காரர், அடுத்து எல்லோரும். வெல்டரும் விம்மி விம்மிப் பாடினான். அந்த நேரத்தில் அந்த மெட்டை முனகும் யாரையும் எங்கும் யாரும் அடித்துக்கொண்டிருக்கவில்லை போலும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள்.

மறுநாள் டீச்சர் தையல் அறைக்குப் போனார். சுருட்டிக்கொண்டு போன அதே துணி கையில் இருந்தது.

"அளவ பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார்.

"விரல் சரியில்ல டீச்சர். நாளாகும்."

"ஆகட்டும், அவசரமில்ல." உட்கார்ந்து, கொஞ்ச நேரம் துணியை மடித்து மடித்துப் பிரித்தார். "நான் யோசிச்சுப் பாத்தேன். எப்பவும் தனியா பாடறவங்க மேலதான் விழுந்திருக்கு. மூணாம் அடியில எனக்கு. கடையில முடிவெட்டறவருக்கு. மாடியில இவங்களுக்கு. ஒரு குரல் மேல நின்னா அதுமேல போய் விழுது. எல்லாரும் ஒரே குரலா பாடுனா அது யாரைத் தேடும்?"

"இனிமே அடிக்க மாட்டேன்னு அண்ணி மேல சத்தியம் பண்ணியிருக்காரு."

"சரி. அடிச்சா?"

தையல்காரி கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிச்சா முனகறேன்" என்றாள்.

அக்காவின் மேல் போட்ட பூ வாடுவதற்குள் அவன் அடித்தான். வாசலில் கிடந்த அக்காவின் செருப்பைத் தையல்காரி எடுத்து உள்ளே வைத்ததுதான் காரணம். பாடகர் குழு அந்த வாரம் முழுக்க ஒத்திகையைப் பட்டறைக்கு எதிரே தெருவில்தான் வைத்திருந்தது. கலைக்க வேண்டிய காவலரின் மனைவி இரண்டாம் வரிசையில் நின்றதால் அவர் வேறு தெருவுக்குக் காவல் போய்விட்டார். உள்ளிருந்து முனகல் கேட்டதும் டீச்சர் கையை உயர்த்தினார். எல்லோரும் பாடினார்கள். எந்தக் குரலும் மேலே எழவில்லை, எந்தக் குரலும் பின்தங்கவில்லை. அடி வந்தது. ஒவ்வொருவர் கன்னத்திலும் சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே அவன் வாரை எடுத்தான். அவர்களுக்கு முதுகில் எறும்பு கடித்தது. கம்பியை எடுத்தான். இப்போது பளீரென்று இருந்தது, சிலருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, தபால்காரர் மண்டியிட்டுவிட்டார், மண்டியிட்டபடி பாடினார். சுமைதூக்கியின் மனைவி ஒரு பக்கமிருந்து வந்தாள், முடிதிருத்துகிறவரின் மனைவி இன்னொரு பக்கமிருந்து வந்தாள்; இருவரும் அதுவரை முகம் பார்த்துக்கொள்ளாதவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினார்கள். சாராயக்கடைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த மாமியார் பாட்டோடு வந்து சேர்ந்தார்கள். கூடத்துப் பெண்கள் யாரும் காதைப் பொத்தவில்லை. ஆள் கூடக் கூட அடி லேசாகிக்கொண்டே போனது.

எவ்வளவு அடித்தும் மனைவி அசையாததைக் கண்டு வெல்டர் கம்பியோடு தெருவுக்கு வந்தான். எதிரே நின்றது டீச்சர். அவர் தலையில் ஓங்கிப் போட்டான். டீச்சர் கண்ணிமை மட்டும் ஒரு தரம் மூடித் திறந்தது. தெரு முழுக்க எல்லோரும் தலையைத் தடவிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவியை அடித்தான், சுமைதூக்கியின் மனைவியை அடித்தான். யாரும் விழவில்லை. அடித்து அடித்து அவன் தோள்மூட்டு நழுவியது, கம்பி கீழே விழுந்தது. அதற்காகத்தான் காத்திருந்தது போல் பெண்கள் அவனைச் சூழ்ந்தார்கள். கையில் கிடைத்தது கரண்டி, துடைப்பக்கட்டை, செருப்பு, கடைசியில் அவனுடைய கம்பியே. முதல் அடி விழுந்ததும் அவன் கத்தினான். ஆனால் அவன் முட்டாள் இல்லை. ஒலிபெருக்கி சொன்னதை அவனும் கேட்டுத்தானே இருந்தான். இரண்டாவது அடி விழுவதற்குள் மாமியார் பாட்டை எடுத்துவிட்டான். அவன்மேல் விழுந்தது பாடிக்கொண்டிருந்த எல்லோர் மேலும் பிரிந்து விழுந்தது. அவனைக் கரண்டியால் அடித்தவள் தன் மண்டையைத் தானே பிடித்துக்கொண்டாள். அவர்கள் விடாமல் அடித்தார்கள், விடாமல் பாடினார்கள், அடி வாங்குவது யார் கொடுப்பது யார் என்று தெரியாமல் தெருவே தள்ளாடியது. நடுவில் வெல்டர் ரத்தம் ஒழுகும் வாயோடு சிரித்துச் சிரித்துப் பாடினான்.

அப்போது டீச்சர் கையை உயர்த்தி, விரல்களைச் சுருக்கிக் காற்றை ஒரு பிடி பிடித்தார். பாட்டை முடிப்பதற்கு அவர் காட்டும் சைகை அது. பல வருடம் பழகிய குழு ஒரு சொல்லின் பாதியில் வாயை மூடியது. சாராயக்கடைக்காரர்கள் ஒரு மூச்சு தாமதித்தார்கள். அவர்கள் மனைவிமார் கையால் அந்த வாய்களைப் பொத்தினார்கள். அடி மட்டும் நிற்கவில்லை. தெருவில் வெல்டரின் குரல் மட்டும் கேட்டது. மூன்றாம் அடியில் இருந்தான். தனியாகப் பாடிக்கொண்டிருப்பது அவனுக்கே உறைத்தபோது முதல் மணிக்கட்டு முறிந்தது.

அவன் பாட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். தையல்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். அவள் முனகி அவனும் பாடினால் அவனுக்கு விழுவது அவளுக்குப் போய்விடும். ஊரில் யாராலும் அவளைத் தடுக்க முடியாது. "முனகு" என்று அவன் கத்தினான். "முனகுடி! உன்னைத்தான்டி!" என்று சொல்லி, தானும் பாட்டைத் திரும்ப எடுத்தான். தையல்காரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்தாள். அவள் முனகவில்லை. இரண்டாவது மணிக்கட்டும் முறிந்தது, பிறகு தாடை. தாடை போன பிறகு பாட்டும் நின்றுவிட்டது.

காவல் அதிகாரி வந்து யார் அடித்தது என்று விசாரித்தார். "யாரும் அடிக்கலையேங்க. பாடிட்டு இருந்தோம்" என்றார்கள். அவர் மனைவியும் அங்கே இருந்தார், அதையே சொன்னார். அதே டாக்டர், கட்டிலிலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று எழுதினார். வெல்டர் பிழைத்துக்கொண்டான். கை கூடிய பிறகு தூரத்து ஊரில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக்குப் போனான். விரல்கள் மடங்காததால் வெல்டிங் வேலை முடியவில்லை, ஏதோ கிடங்கில் வாசலில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. பட்டறையைச் சைக்கிள் ரிப்பேர்க்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்தார். தையல்காரி டீச்சரின் சட்டையை மழைக்காலம் வருவதற்குள் தைத்துக் கொடுத்தாள். பொத்தான் துளைகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. டீச்சர் அப்படியே போட்டுக்கொண்டார்.

தடையை நகரசபை எடுக்கவும் இல்லை, யாரும் மதிக்கவும் இல்லை. வெல்டர் போனதோடு எல்லாம் அடங்கிவிட்டது என்று ஊர் நினைத்தது. ஆனால் ஒரு சாயங்காலம் சந்தையில், காய்கறிக்காரி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டே தராசைப் பிடித்திருந்தபோது அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. எல்லோரும் தையல்காரியைத் தேடினார்கள். அவள் அங்கேயே, வெண்டைக்காயை உடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் இது வேறு வீடு. காய்கறிக்காரி கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தாள். தையல்காரியும் கூடப் போனாள். போகப் போக ஆட்கள் சேர்ந்தார்கள். தெருத்தெருவாக, கதவு கதவாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டு போனதில் முனகல் ஒன்று நீதிபதி வீட்டு உயரமான மதிலுக்குப் பின்னால் கேட்டது. அடுத்த மாதம் அது அந்த டாக்டரின் வீடு. அதற்கடுத்து ஆலைக் குடியிருப்பில் ஒரு வீடு, அங்கே முனகியது ஒரு பையன்.

இப்போது அங்கே மாலையானால் எல்லோரும் ஏதாவது ஒரு வார்த்தையில் அந்த மெட்டைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், வேலையும் நடக்கிறது. கன்னத்தில் சுளீரென்றால் யாரும் பதறுவதில்லை, போதகரிடமும் போவதில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பாதி நிறுத்த காயைக் கடைக்காரர்கள் தராசிலேயே விட்டு வைப்பார்கள். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம்.